பேசாத முரசும் ஆடாத முகமூடியும்

முகமூடி என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவில் மரத்திற் செதுக்கிய ஒரு முகமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றது. அதனை அணிபவர் யாவர், அணியுங் காலம் யாது என்பன பின்னரே நினைவிற்கு வருவன. மாலி நாட்டிலே பண்டியாகராக் குன்றுச் சரிவுகளில் வாழும் டோகோன் மக்களுக்கோ அவ்வாறன்று. இமினா என அவர்கள் வழங்குஞ் சொல் மரத்தாலியன்ற தலையணியை மாத்திரங் குறிப்பதன்று. நாரினாலாய ஆடையும், அதனை உடுத்து ஆடுபவனும் சேர்ந்த முழுவுருவத்தையே அது குறிக்கும். டோகோன் முதியவர் ஒருவரைப் பாரிசு நகரத்து நூதனசாலைக்கு அழைத்துச் சென்று, கண்ணாடிப் பேழையிலிருக்கும் மரமுகத்தைச் சுட்டி, இதுவே உங்கள் முகமூடி என்று கூறின், அவர் அதனை ஒப்புவாரென நாம் துணிந்து சொல்லுதற்கில்லை.

சொற்பொருளிலுள்ள இவ்வேறுபாடு சிறிதென்று தோன்றலாம். ஆயினும் ஆபிரிக்கக் கலைகளுக்கென அமைந்த நூதனசாலைகளை மதிப்பிடுதற்கு உரைகல்லாவது இதுவே என்பது எமது கருத்து. சிற்பம், இசை, கூத்து, பாட்டு என நாம் பகுத்துப் பேசுங் கலைகள் அங்கே பெரும்பாலும் பகுபடாமல் நிற்பன. நைசீரியாவின் மேற்குப் பகுதியிலும் அதனை அடுத்த பெனின் நாட்டிலும் யோருபா மக்கள் நிகழ்த்தும் கெலெடே விழாவை எடுத்துக்கொள்வோம். தாய்மாரின் ஆற்றலைப் போற்றவும் அவர்தஞ் சினத்தைத் தணிக்கவும் நிகழ்வது அவ்விழா. பெண்ணுருப் பூண்டு ஆடுவோர் ஆடவரே. மரமுகத்தைச் செதுக்குபவன் ஒருவன், ஆடுபவன் இன்னொருவன், பாடுவோரும் முரசறைவோரும் வேறு. ஆடுபவன் காலிற் பூண்ட உலோக அணி முரசின் அடியோடு இம்மியும் பிழையாது ஒத்து ஒலித்தல் வேண்டும். ஆட்டத்தின் சிறப்பும் இழுக்கும் அவ்வொலியிலேயே புலனாகும். மரமுகத்தின் உச்சியிலோ ஊர் வாழ்க்கை முழுவதும் ஏறி நிற்கும்: சந்தைப் பெண், பாம்போடு பொருதும் பறவை, தையற்பொறி, மோட்டார்ச் சைக்கிள். பழைமையென்னும் பெயரால் அம்மக்கள் எதனையும் விலக்கியவரல்லர். யுனெஸ்கோ நிறுவனம் 2001ஆம் ஆண்டிற் கெலெடேயை மனித குலத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. இத்தகைய விழாவிலிருந்து மரமுகத்தை மட்டும் பிரித்தெடுத்துச் சுவரிலே தூக்கிவைப்பது, கூத்தாடியின் முடியைக் காட்டிக் கூத்து இதுவென்று கூறுதல் போலும்.

அவ்வாறு பிரித்தெடுத்தல் எங்ஙனம் நேர்ந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இப்பொருள்களைத் திரட்டிச் சென்ற அதிகாரிகள், பாதிரிமார், வணிகர் ஆகியோருட் பலர் நாராடையை வேண்டாப் பொருளென்றே கருதினர். அது கப்பலிலே இடத்தை அடைத்தது, பூச்சி பிடித்தது, உலுத்து உதிர்ந்தது. மரம் மாத்திரமே விலைபோயிற்று. இவ்வாறு உடல் களையப்பட்டு முகம் மட்டும் எஞ்சிய பொருள்களையே 1907ஆம் ஆண்டிற் பாரிசு நகரத்துத் துரோக்கதேரோ நூதனசாலையிற் பிக்காசோ கண்டார். அவரும் அவர் காலத்து ஓவியர் சிலரும் அங்கே கண்ட வடிவங்களிலிருந்து புதியதோர் ஓவிய நெறிக்கு ஊக்கம் பெற்றனர் என்பது யாவரும் அறிந்ததே. அவர்கள் கண்டது பொய்யன்று; ஆனாற் பாதியே. அப்பாதியை முழுமையெனக் கொண்டு பின்வந்தோர் எழுதிய கலைவரலாறுகளே பிழைபட்டன. ஆபிரிக்கக் கலை என்ற தலைப்பிட்டுத் தனிச் சிற்பங்களின் படங்களை அடுக்கி, ஆடலைப் பற்றி ஒரு பந்தியும் எழுதாது விட்ட நூல்கள் பல.

நூதனசாலை என்னும் அமைப்பையே வினாவுக்குட்படுத்திய பேரறிஞர் ஒருவர் நம் நாட்டிற் பிறந்தவர். கொழும்பில் 1877ஆம் ஆண்டு தோன்றி, 1917 முதல் 1947இல் இறக்குங்காறும் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிற் பணியாற்றிய கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது ஏன் என்னும் வினாவையே தலைப்பாகக் கொண்டு 1943இல் ஒரு நூல் வெளியிட்டார். நூதனசாலையில் இருக்கும் பழம்பொருள் எதுவும் நூதனசாலையில் இருத்தற்பொருட்டுச் செய்யப்பட்டதன்று என்பது அவர் வற்புறுத்திய உண்மை. பயன் கருதிச் செய்யப்பட்ட பொருளை அதன் பயன் அறியாது நோக்கி மகிழ்வது அறிவாகாது என்றும், பார்ப்போர்க்கு அப்பயனை விளக்குவதே நூதனசாலையின் தொழில் என்றும் அவர் கொண்டனர். அவர் பேசியது பெரும்பாலும் கீழைத்தேயக் கலையையும் இடைக்கால ஐரோப்பியக் கலையையும் பற்றியே. எனினும் அவ்வளவுகோல் ஆபிரிக்க முகமூடிக்கும் முரசுக்கும் பொருந்துமாறு வேறெதற்கும் பொருந்துமோ என்று கேட்கத் தோன்றுகின்றது. குடத்தைப் பார்த்து நீர் முகத்தலை ஊகிக்கலாம். முரசைப் பார்த்து அதன் ஒலியை ஊகித்தல் எவர்க்கும் இயலாது.

பாரிசு நகரில் 2006ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கே பிரான்லி நூதனசாலையை இவ்வளவுகோல் கொண்டு நோக்குதல் தகும். துரோக்கதேரோவிலும், பின்னர் 1938 முதல் மனித நூதனசாலையிலும் இருந்த பொருள்களிற் பெரும்பகுதி இங்கே வந்து சேர்ந்தது. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவுக்குரியவை மாத்திரம் ஏறத்தாழ 70,000 ஆம். கட்டடக் கலைஞர் சான் நூவெல் அமைத்த இருள்சூழ் கூடங்களும், தழைகளின் படம் பதித்த கண்ணாடிகளும் காட்டினுட் புகுவது போன்ற மயக்கத்தைத் தருகின்றன எனத் திறப்புவிழாக் காலத்திலேயே பலர் குறை கூறினர். அக்குறை நியாயமானதே, ஆயினும் எமது சிந்தையை அதனினும் மிகுதியாகக் கவர்வது வேறொன்று. கட்டடத்தின் நடுவே, கீழ்த்தளத்திலிருந்து மேற்றளம் வரை, வட்ட வடிவான கண்ணாடிக் கோபுரம் ஒன்று ஊடுருவி நிற்கின்றது. அதனுள்ளே பல கண்டத்து இசைக்கருவிகளும் ஏறத்தாழப் பதினாயிரம் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. வருவோர் அதனைச் சுற்றி நடந்து வெளியே நின்று நோக்கலாம். உலகத்தில் இத்துணைக் கருவிகள் ஓரிடத்தே குழுமியிருந்தும் இத்துணை அமைதி நிலவுமிடம் பிறிதொன்று உண்டோ?

பழைய தோலும் மரமும் அடி தாங்கமாட்டா என்பதை நாம் மறுக்கவில்லை. அந்நூதனசாலையில் அரங்கம் ஒன்று உண்டென்பதும், அங்கே பல நாட்டு ஆடலும் பாடலும் நிகழ்வன என்பதும் உண்மையே. ஆனால் ஆடல் அரங்கத்திலும் கருவி கோபுரத்திலுமாக வாழ்கின்றன. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள சுவரே குற்றம். இக்கருவித் தொகுதிக்கு அடிகோலிய அந்திரே சேப்னர் இதனை ஓரளவு உணர்ந்தவர். துரோக்கதேரோவில் இசைக்கருவிப் பிரிவை அமைத்த அவர், 1931 முதல் 1933 வரை மார்செல் கிரியோல் தலைமையில் டக்காரிலிருந்து யிபுத்தி வரை ஆபிரிக்காவைக் குறுக்காகக் கடந்த ஆராய்ச்சிக் குழுவிலும் பங்குகொண்டார். 1936இல் அவர் வெளியிட்ட நூல், இசைக்கருவியின் தோற்றத்தை ஆடும் உடம்பிலேயே தேடியது: தரையை மிதிக்குங் கால், தட்டுங் கை, உடம்பிற் கட்டிய சதங்கை. இத்தகைய நூலை எழுதியவர் திரட்டிய கருவிகள் உடம்பெதுவும் அணுகவொண்ணாத கண்ணாடிக் கோபுரத்துள் அடைந்தமை வியப்பே.

அக்குழுவினர் பொருள் திரட்டிய முறையையும் மறைத்தல் கூடாது. குழுவின் செயலாளராய் இருந்த மிசேல் லெய்ரி என்பார் தம் நாட்குறிப்பை 1934இல் நூலாக வெளியிட்டார். 1931 செத்தெம்பரில் கெமெனி என்னும் பம்பாரா ஊரிலே, கோனோ வழிபாட்டுக்குரிய புனிதப் பொருளைப் பத்துப் பிராங்குக்குத் தருமாறு பொலிசின் பெயராலே ஊராரை அச்சுறுத்திப் பறித்தமையை அவர் ஒளியாது எழுதியுள்ளார். அந்நூலால் கிரியோலுக்கும் அவருக்கும் பகை மூண்டது. அரும்பொருளின் விளக்கச் சீட்டிலே மக்கள் பெயர், மரம், அளவு, நூதனசாலைக்கு வந்த ஆண்டு என்பன இருக்கும். வந்த வழி பெரும்பாலும் இராது. லெய்ரியின் நாட்குறிப்பு ஒருவகையில் அச்சீட்டுகளின் விடுபட்ட வரி எனலாம்.

அக்குழு புறப்பட்ட டக்கார் நகரிலேயே இப்பொழுது ஆபிரிக்கக் கலைக்கென நூதனசாலை ஒன்று உண்டு. 1936இல் பிரெஞ்சு ஆட்சியினர் நிறுவிய இஃபான் ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்தது அது. நிலையத்தின் முதற் பணிப்பாளர் தியோடோர் மோனோவின் பெயரை 2007 முதல் தாங்கி வருகின்றது. மேற்காபிரிக்கப் பொருள்கள் ஒன்பதினாயிரத்துக்கு மேல் அங்கே உள. பாரிசிற் காணக்கிடையாத ஒன்றை அங்கே காணலாம்: முகமூடிகள் சில தமக்குரிய நாராடையோடு, ஆளுருவப் பொம்மைகளின் மேல் முழுவுருவாய் நிற்கின்றன. முகத்தை உடம்போடு சேர்த்தமை பெரியதொரு திருத்தம். எனினும் பொம்மை ஆடாது. இன்னொரு சிக்கலும் உண்டு. பிரெஞ்சு மேற்காபிரிக்கா முழுவதற்கும் டக்கார் தலைநகராயிருந்த காலத்தில் திரண்ட தொகுதியாதலின், இன்று மாலி, கினி, ஐவரி கோஸ்ட், பெனின் எனத் தனி நாடுகளாய் நிற்பனவற்றின் பொருள்களும் அதனுள் அடங்கும். பொருள்களைத் திருப்பிக் கொடுத்தல் ஐரோப்பாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் இடைப்பட்ட வழக்கு மாத்திரமே என்று எண்ணுவோர் டக்காரையும் சற்று நோக்குதல் நலம்.

டக்காரிலே 1966 ஏப்பிரிலில், கவிஞரும் சனாதிபதியுமாகிய செங்கோர் முதலாவது உலகக் கறுப்பினக் கலைவிழாவை நடத்தினார். அதற்கெனக் கட்டப்பட்ட புதிய நூதனசாலையிலே, ஐரோப்பிய நூதனசாலைகள் இரவலாகத் தந்த முகமூடிகளும் காட்சிக்கிருந்தன; ஆடல்களோ அரங்கங்களில் நிகழ்ந்தன. ஆபிரிக்கர் தம் மண்ணிலே தம் கையால் நடத்திய விழாவிலும் பாரிசின் அச்சுவர் எழுந்துவிட்டது! அக்கட்டடத்தின் பின்வரலாறு சுவையானது. 1977இல் அது முத்ரா ஆபிரிக்க என்னும் நடனப்பள்ளிக்கு இடமாயிற்று. முத்திரை என்னும் வடசொல்லே அப்பெயர். பள்ளியைச் செங்கோரோடு சேர்ந்து நிறுவிய பெசார், பிரசெல்சில் முன்னரே தாம் தொடங்கிய பள்ளிக்கும் அதனையே இட்டிருந்தார். செர்மேன் அக்கொஞி என்னும் அம்மையார் 1982 வரை அங்கே இளையோர்க்கு ஆபிரிக்க நடனம் பயிற்றினார். பின்னர்க் கட்டடம் நீதிமன்றமாகிவிட்டது. நூதனசாலையாக இருந்ததனினும் நடனப்பள்ளியாக இருந்த அவ்வைந்தாண்டிலேதான் அது தன் பெயருக்கு மிகவும் பொருத்தமாக விளங்கிற்று என்றே எமக்குப் படுகின்றது.

இனி, எதிர்க்கட்சியார் கூற்றையும் ஆராய்தல் வேண்டும். நூதனசாலைகள் இல்லாதிருந்தால் இப்பொருள்கள் யாவும் கறையானுக்கிரையாகியிருக்கும் என்பர் அவர். பல பொருள்களைப் பொறுத்தவரை இது மெய்யே. ஆனாற் கறையான் தின்பது இழப்பென்று அப்பொருளைச் செய்தவர் கருதினரா? நைசீரியாவில் ஒவெரிப் பகுதியில் வாழும் இக்போ மக்கள் ஆலா என்னும் நிலமகளுக்கு ம்பாரி என்ற மண்மனையைப் பல மாதங்கள், சிலபோது ஆண்டுகள், உழைத்துச் சமைப்பர். எண்ணிறந்த உருவங்களால் அதனை அழகு செய்வர். பணி முற்றியபின் அதனைப் பழுதுபார்ப்பதில்லை. மழையிற் கரையவே விட்டுவிடுவர். மீண்டும் வேண்டியபோது புதியதாகச் சமைப்பர். அங்கே பேணப்படுவது மனையன்று. சமைக்குந் திறமும் சமைக்கவேண்டுமென்ற கடமையுமே. பொருளைக் காத்துச் செய்கையை இழப்பது ஒரு நெறி. பொருளை இழந்து செய்கையைக் காப்பது மற்றொரு நெறி. பாதுகாப்பு என்னும் ஒரே சொல்லால் நாம் இரண்டனையும் குறிப்பதாலேயே இவ்வழக்கு இத்துணைச் சிக்கலாயிற்று.

எனினும் செய்கையைக் காக்கும் நெறியும் எக்காலத்தும் உறுதியானதன்று. டோகோன் மக்களின் சிகுய் விழா அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்வது. ஓர் ஊரிற் றொடங்கி ஆண்டுதோறும் ஊரூராய்ச் சென்று ஏழாண்டில் முற்றும். 1967 முதல் 1973 வரை நிகழ்ந்த சிகுயை சான் ரூசும் செர்மேன் தியெதர்லென் அம்மையாரும் ஆண்டுதோறும் படம் பிடித்தனர். கணக்கின்படி அடுத்த சிகுய் 2027இல் தொடங்கவேண்டும். அறுபதாண்டு இடையீட்டின் பின் அதனை நடத்துதற்கு முன்னைய விழாவைக் கண்ட முதியோர் சிலராவது வேண்டும். பெருமுகமூடியைப் புதியதாகச் செதுக்குவோர் வேண்டும். ஊர்விட்டு ஊர் செல்லும் வழி அச்சமின்றி இருத்தல் வேண்டும். 2012 முதல் மாலியை வருத்திவரும் போர் பண்டியாகராப் பகுதியையும் விட்டுவைக்கவில்லை. ஊர்கள் எரியுண்டன, மக்கள் இடம்பெயர்ந்தனர். முதியோர் நினைவு அற்றுப்போகுமிடத்து, அப்படச்சுருள்களே அவர்கள் வழித்தோன்றலுக்கு ஆசானாகலுங்கூடும். அவ்வாறாயின் காட்சிச்சாலையிற் கிடக்கும் படத்துக்கு நாம் இதுகாறுங் கூறிய குறை பொருந்தாது. ஆனாற் படம் பாரிசிலிருந்து, வேண்டுவோர் சங்கா ஊரிலிருப்பின் பயன் யாது? படத்தின் படி ஒன்று அவ்வூர்ச் சிறுவர் காணக் கிடைக்குமா என்பதே அங்குக் கேட்கத்தக்க கேள்வி.

நூதனசாலை எதுவுமின்றியே ஒரு கருவி நூற்றாண்டுகள் நிலைத்தமைக்குக் கினி நாட்டின் நியாகசோலா என்னும் சிற்றூர் சான்று. சொசோ பலா என்ற பலபோன் அங்கே உள்ளது. ஒன்றரை மீற்றர் நீளமும் இருபது மரச்சட்டங்களும் உடைய அக்கருவியிற் சட்டங்களின் கீழே சுரைக்குடுக்கைகள் தொங்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அரசாண்ட சுமாவோரோ கந்தே வாசித்தது அதுவென்பது மந்திங் மக்களின் மரபுரை. கூயாத்தே என்னும் பாணர் மரபிற் றோன்றிய டோக்கலாக் குடும்பத்தார் அதனைக் காத்து வருகின்றனர். பலாத்திகுய் எனப்படும் குடும்பத் தலைவருக்கே அதனை வாசிக்கும் உரிமை. முசுலிம் புத்தாண்டு, சில இறுதிச்சடங்குகள் முதலிய குறித்த நாள்களிலேதான் அது ஒலிக்கும். ஏழு வயது நிரம்பிய பிள்ளைகளுக்கு அவர் பலபோன் பயிற்றுகின்றார். காப்பாளர், வாசிப்பவர், ஆசிரியர் மூவரும் ஒருவரே. இளையோர் ஊர்விட்டு நகரஞ் சென்றுவிடின் முறை அற்றுவிடும் என்னும் இடர்ப்பாடு இதற்கும் உண்டு. ஆயினும் பதினாயிரங் கருவிகள் நிறைந்த கோபுரத்தோடு இவ்வொரு கருவி வைகும் குடிலை ஒப்பிட்டு, இவற்றுள் எது சிறந்த நூதனசாலை என்று வினாவின், குடிலே என்று விடையிறுக்க எமக்குத் தயக்கமில்லை.

இதுகாறுங் கூறியவற்றிற்கெல்லாம் சோதனையாக அமைவது ஒரு முரசின் வழக்கு. அதனை உணர்தற்கு முரசு பேசுமாற்றைச் சற்று அறிதல் வேண்டும். தமிழில் ஒரு சொல்லை உயர்த்தி ஒலித்தாலும் தாழ்த்தி ஒலித்தாலும் பொருள் மாறாது. ஆபிரிக்க மொழிகள் பலவற்றில் அவ்வாறன்று; சுருதி மாறப் பொருளும் மாறும். மரத்தைக் குடைந்து நீண்ட பிளவிட்ட முரசு இருவேறு சுருதிகளை எழுப்ப வல்லதாகலின் அம்மொழிகளின் ஏற்றவிறக்கத்தை அது ஒலித்துக் காட்டும். கொங்கோவிற் பாதிரியாராயிருந்த யோன் காரிங்ரன் 1949இல் வெளியிட்ட நூலில் இதனைத் தெளிவாக விளக்கினார். கெலே மொழியில் நிலவைக் குறிக்குஞ் சொல்லும் கோழியைக் குறிக்குஞ் சொல்லும் ஒரே சுருதியின. ஆகவே முரசறைவோன் தனிச்சொல்லை ஒலிப்பதில்லை. நிலத்தை நோக்கும் நிலவு என்பது போலவும், கூவுமொலியோடு கூடிய கோழி என்பது போலவும் அடைமொழி சேர்த்து, நெடுந்தொடராக்கி ஒலிப்பான். தொடரின் சுருதிக்கோவை வேறுபடவே ஐயம் நீங்கும். இதனை அறியாத ஐரோப்பியர் பலர் நெடுங்காலம் முரசொலியை வெறும் அடையாள ஒலியென்றே எண்ணியிருந்தனர்.

இத்தகைய பேசும் முரசே ஐவரி கோஸ்ட்டின் எப்ரியே மக்களுடைய டிஜிடி அயோக்குவே. மூன்று மீற்றருக்கு மேற்பட்ட நீளமும் ஏறத்தாழ 430 கிலோகிராம் நிறையும் உடையது அது. கட்டாய வேலைக்கு ஆள்பிடிக்கப் பிரெஞ்சு அதிகாரிகள் வரும்போது ஊரார் காட்டுக்குள் ஒளியுமாறு அது எச்சரித்தது. 1916இல் ஆட்சியினர் அதனைப் பறிமுதல் செய்தனர். பின்னர் அது பிரான்சுக்குப் போயிற்று. அவர்கள் கைப்பற்றியது கலைப்பொருளையன்று. தம் ஆட்சிக்கு எதிராகப் பேசிய நாவினை. பாரிசிலே அதனைக் கலைப்பொருளென்று பெயரிட்டது நூதனசாலையே. கருவியை அழியாது காத்ததும் அதுவே என்பதையும் சொல்லாது விடுதல் நேர்மையாகாது.

2021இல் பிரெஞ்சு சனாதிபதி அதனைத் திருப்பித் தர உடன்பட்டார். 2022 நவம்பரில் எப்ரியேத் தலைவர்கள் பாரிசுக்கு வந்து, முரசிலுறையும் தெய்வத்தன்மையை நீக்குஞ் சடங்கைச் செய்தனர். சீர்செய்வோர் அதனைத் தொடுதற்கு அதன்பின்னரே வழி பிறந்தது. கே பிரான்லியில் அந்நாள்வரை நிகழ்ந்த ஆடல்பாடல்கள் எத்தனையாயினும், பொருளுக்குரியவர் வந்து பொருளோடு நிகழ்த்திய அச்சடங்கு வேறு வகையது. 2025 யூலையிற் பிரெஞ்சுப் பாராளுமன்றம் அம்முரசுக்கென்றே தனிச்சட்டம் இயற்றிற்று. பிரெஞ்சு அரசுடைமையான நூதனசாலைப் பொருளைச் சட்டமின்றிக் கைவிடல் இயலாதாகலின் ஒரு முரசுக்கு ஒரு சட்டம் வேண்டியதாயிற்று.

அபிஜான் நகரிலுள்ள நாகரிகங்களின் நூதனசாலையே அதற்கென வகுக்கப்பட்ட இடம். பாரிசின் பேழையிலிருந்து அபிஜானின் பேழைக்கு மாறுவதனால் ஆவதென் என்று சிலர் கேட்பர். அவ்வினாவைத் தள்ளுதற்கில்லை. பழைய மரம் இனி அடி தாங்குமோ என்பது ஒருபுறமிருக்க, நீக்கிய தெய்வத்தன்மையை மீட்டும் ஏற்றுவதோ விடுவதோ எப்ரியேத் தலைவர்களே தீர்மானிக்கவேண்டியது. பேழைக்கு வெளியே புதியதொரு முரசைக் குடைந்து வைத்து, அதன் மொழியறிந்த முதியோர் எஞ்சியிருக்கும் பொழுதே அபிஜானின் பள்ளிப்பிள்ளைகள் சிலருக்கேனும் அதனைப் பயிற்றுவித்தல் அந்நூதனசாலைக்கு இயலாத காரியமன்று. அதற்குச் சட்டமும் வேண்டுவதில்லை.